தொடாத பஞ்சு

என்னப்பா,

இல்லை, கை எரிவு மாறவில்லை. போனில் கேட்கும்போதெல்லாம் சுகம் என்றுதான் சொல்லிவந்தேன். எங்கள் கல்யாணம் முடிந்து நீங்கள் கனடாவுக்குப் போன மாதமே இடக்கை எரியத் தொடங்கியது. எண்ணெய் பூசிப் பார்த்தேன். பிறகு விரல்கள் மரத்துப்போயின. விசாவுக்கான மருத்துவச் சோதனையில் மறித்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒருவரிடமும் காட்டவில்லை.

இன்று நரம்பு டொக்டரிடம் போனேன். "கண்ணை மூடும். கையிலை பஞ்சு படேக்கை ‘ஓம், தெரியுது’ எண்டு சொல்லும்" என்றார்.

உள்ளங்கையை விரித்தேன். கீரிமலைக் கேணியின் ஈரப் படியில் நான் வழுக்கியபோது நீங்கள் எட்டிப் பிடித்த கை.

ஓம் என்றேன். திரும்பவும் ஓம்.

"நான் இன்னும் தொடேல்லையே பிள்ளை! பாஸ் பண்ணுறதுக்கு இதென்ன சோதினையே?"

சிரித்தேன். பிறகு அழுதுவிட்டேன்.

"உள்ளதைச் சொன்னால்தான் எந்த நரம்பு எண்டு பிடிக்கலாம். இப்ப பிடிச்சால் மருந்தாலை மாத்தலாம்" என்றார்.

வைத்தியம் தொடங்கினால் என் பயணம் பிந்தும். எவ்வளவு என்று தெரியாது. ஆனாலும் அங்கே விமான நிலையத்தில் நீங்கள் என் கையைப் பிடிக்கும்போது அது எனக்குத் தெரிய வேண்டும்.

மறுபடி கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை ஓம் சொல்லவில்லை.

உங்களுடைய,
நான்