திருச்சிக்குப் போகும் வழியில் மதுரை

இன்று காலை விமான நிலையத்தில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அவரைத் தடுக்காமல் உள்ளே அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் திருச்சியில் இறங்கிவிடுவோம் என்று விமானத்தில் அறிவித்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன வருஷம் நீங்களும் அதே வரிசையில்தான் காத்திருந்தீர்கள். திருச்சியில் நம் பெண் வித்யாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பச்சை உடம்புக்காரி, அவளால் வர முடியாது. உங்கள் நுரையீரலோ நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. இனி அதிக நாள் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

"முன்னூறு கிலோமீட்டர்டி. பறந்தா ஒரு மணி நேரம்கூட இல்லே. அதுவரைக்கும் மூச்சப் பிடிச்சுக்க மாட்டேனா?" என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

கவுன்ட்டர் பெண் டாக்டரை வரவழைத்தாள். அவர் உங்கள் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "ஆன்ட்டி, ஸாருக்கு ஸ்வாசம் ரொம்ப முட்டுது. இந்த நிலையில ஏத்த பற்றாது, க்ஷமிக்கணும்" என்றாள் அந்தப் பெண், மலையாளம் கலந்த தமிழில். அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

ஸ்ரீவராகத்தில் நம் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றீர்கள். கார் பிடித்தோம், சிலிண்டர்கள் ஏற்றினோம். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்து ஏதோ சொன்னீர்கள். கோவில்பட்டி தாண்டியதும் உதடு நீலம் பாரித்தது. மதுரையில் கண்ணில் பட்ட பெரிய ஆஸ்பத்திரிக்குள் காரை விடச் சொன்னேன். வித்யாவுக்கு ஃபோன் செய்தேன். "இதோ குழந்தையோட கிளம்பறேம்மா" என்றாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. நீங்கள் கார்க் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டீர்கள்.

"உள்ளே போனா கைக்குழந்தைய விடமாட்டா. அவ வரட்டும்."

"ஏன்னா, மூச்சு விட முடியலையே உங்களால."

"அவ வரட்டும்டி."

டாக்டர் காருக்கே வந்து கோபித்தார். நான் உங்கள் பக்கம் நின்றேன். வெயில் சாயும்வரை அந்தப் போர்ட்டிகோவில் காத்திருந்தோம். சிலிண்டர் மாற்றிக்கொண்டே இருந்தோம்.

வித்யா வந்து இறங்கியதும், "மாஸ்க்க எடு, அவன் பயப்படுவான்" என்றீர்கள். எடுத்தேன். குழந்தையின் பாதத்தை உங்கள் உள்ளங்கையில் வைத்தேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். "சுடறதுடி, கால்" என்றீர்கள். பிறகு நீங்களாகவே ஸ்ட்ரெச்சரில் படுத்தீர்கள்.

மறுநாள் எல்லாம் முடிந்தது. "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றார் வேறொரு டாக்டர், வராந்தாவில். பக்கத்தில் நின்ற வித்யா, ரோட்டில் வந்த தாமதத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்காக வாசலில் காத்திருந்தோம் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. நாமும் அப்போதுதான் வந்து சேர்ந்தோம் என்றே நம்புகிறாள்.

குழந்தைக்கு நாளை ஆண்டு நிறைவு. வித்யா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அன்னிக்கு அவா மட்டும் ஃப்ளைட்ல ஏத்தியிருந்தா, அப்பா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார், இல்லையாம்மா?"

"ஆமாண்டி" என்றேன்.