துடக்கு விழுந்த கம்பனி

உயிரோடு இருந்தபோதும் என் கடிதங்களுக்குப் பதில் போடாத அருமைத் தம்பி நேசா,

வருடம் திரும்பி உன் ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. நலம் விசாரிப்பதில் பொருளில்லை. ஆகவே நேரே கம்பனிக் கதைக்கு வருகிறேன். பரந்தனில் உன் மா ஆலை நடக்கிறது. இன்று காலை நானும் உன் மனைவியும் மகனும் பணிப்பாளர் கூட்டம் கூடினோம். அதன் முடிவு உனக்கு உவப்பாக இருக்குமோ தெரியாது. இருந்தாலும் அதை நானே சொல்லிவிடுவதுதான் முறை.

பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்பித்த காலமெல்லாம் நான் மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்லி வந்தேன். ஐந்தொகையில், அதாவது கம்பனியின் சொத்துக் கணக்கில், நிலம் தெரியும், இயந்திரம் தெரியும். ஆட்களின் கைப்பழக்கமும், வாங்குபவர்களின் நம்பிக்கையும், வேலை நடக்கும் ஒழுங்கும் தெரியமாட்டா. இவற்றையே அறிவுசார் மூலதனம் என்கிறோம். நிறுவனத்தின் தந்திரோபாயத்தோடு அது பொருந்தினால்தான் நிதிப் பெறுபேறு உயரும். இதைக் கேட்டு நீ சிரிப்பாய். "அக்கா, உங்கட படிப்பு சோதினைக்கு நல்லது. மா வறுக்க உதவாது." நான் கற்பித்ததை நீயே செத்து நிறுவிக் காட்டுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உன் தந்திரோபாயத்தைப் பிழை என்று சொல்லமாட்டேன். மலிவு மா விற்கும் பெரிய கம்பனிகளோடு மல்லுக்கு நிற்காமல், கோயில் மோதகத்துக்கென்றே ஆசாரமாக வறுத்த அரிசிமாவை விற்றாய். விறகடுப்பு, முழுகிவிட்டு வரும் பெண்கள், மீன் இறைச்சி அண்டாத வளவு. ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியா வரை ஐயர்மார் உன் மாவையே கேட்டார்கள். அதே நேரம், களவும் காட்டிக்கொடுப்பும் இராதென்று, வறுக்கிற கைகள் அத்தனையையும் அப்பா வழிச் சொந்தத்திலேயே பொறுக்கி எடுத்தாய். இரண்டும் தனித்தனியே நல்ல முடிவுகள்தாம். சேர்த்து வைத்துப் பார்க்க உனக்கு ஏன் தோன்றவில்லை?

திருவிழாக் காலம் தொடங்கும் நேரம் பார்த்துச் செத்தாய். அன்றே ஆலை முழுவதற்கும் சாவுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் வரை உன் சொந்தத்தில் எவரும் கோயில் மாவைத் தொடமுடியாது. கம்பனியின் அறிவு முழுவதும் ஒரே நாளில் வீட்டுக்குள் குந்திக்கொண்டது. உன் மகன் கௌதமன் ஐயர்மாரிடம் மன்னிப்புக் கேட்கத் தொலைபேசியை எடுத்துவிட்டான். ஒருமுறை கைமாறிப் போன கோயில் திரும்பி வராதென்பது உனக்குத் தெரியாததல்ல.

உன்னிடம் இருந்த உறவல்லாத ஒரே ஆள் கலைச்செல்வி. மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். விற்பனைப் பொறுப்பைக் கொடுத்தாயே தவிர, வறுக்கும் கொட்டிலுக்குள் அவளை நீ விட்டதில்லை. அவள் கௌதமனின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டு, தன் ஊர்ப் பெண்களைக் கூட்டி வந்து அடுப்பை மூட்டினாள். முதல் மா கருகியது. அடுத்ததில் பச்சை வாடை போகவில்லை. அப்போதுதான் பூமணி மச்சாள், இத்தனை காலம் உனக்கு மா வறுத்தவா, வேலிக்கு அப்பால் வந்து நின்று கத்தினா.

"இறக்கடி பிள்ளை! மணம் வந்திட்டுது, இறக்கு!"

"மச்சாள், உங்களுக்குத் துடக்கெல்லே?" என்றேன், அதே துடக்கோடு வேலியோரம் நின்ற நான்.

"கைக்குத்தானே துடக்கு. வாய்க்குமோ?"

மறுநாள் வேலி நிறைய உன் சொந்தம்.

"அகப்பையைப் பிடிக்கிற பிடியைப் பார், பிள்ளைக்குப் பால் ஆத்திறாவாம்!"

"அப்ப நீங்க வந்து கிண்டுங்களேன் அம்மா," என்றாள் உள்ளே நின்ற ஒருத்தி.

"வரேலாதே, அதுதானே வயித்தெரிச்சல்!"

கலைச்செல்வி எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிந்து, பிறகு ஏச்சை வெட்டிவிட்டுச் செய்முறையை மட்டும் வைத்துக்கொண்டாள். மலையகப் பெண்களின் கை வறுத்த மா என்று அறிந்து சில கோயில் நிர்வாகிகள் முகம் சுளித்தார்கள். மோதகத்தைத் தின்ற பிறகு சுளிப்பு நின்றது. கருகிய மா மாட்டுக்குப் போனதால் அந்தப் பருவத்தில் இலாபம் மெலிந்தது. ஆனால் ஒரு கோயிலும் கைவிட்டுப் போகவில்லை. இப்போது உன் சொந்தமும் அவள் கூட்டி வந்த பெண்களும் முறை வைத்து வறுக்கிறார்கள். இவ்வருட இலாபம் உன் நல்ல வருடங்களையும் தாண்டி நிற்கிறது.

இனித்தான் சிக்கல். வவுனியாவில் ஒரு மாக் கம்பனி அவளைப் பணிப்பாளராகவே வரச்சொல்லிக் கேட்டிருக்கிறது. அவள் அதை என்னிடம் மறைக்கவில்லை. "சம்பளத்துக்காக இல்ல மிஸ். இங்க வேலைக்கு உள்ள கூப்பிடுறாங்க, முடிவெடுக்கிற நேரம் மட்டும் வெளிய நிக்கச் சொல்லுறாங்க." அவள் போனால் கைப்பேசிப் பதிவுகள் நம்மிடம் மிஞ்சும், ஐயர்மாரின் நம்பிக்கையும் அந்தப் பெண்களின் கையும் அவள் பின்னே போய்விடும். ஆகவே அவளைப் பணிப்பாளராக்க வேண்டுமென்று இன்றைய கூட்டத்தில் நான் முன்மொழிந்தேன்.

"நல்ல பிள்ளைதான் மாமி," என்றான் கௌதமன். "ஆனா பணிப்பாளர் சபை எண்டா எங்கட ஆக்களெல்லே இருக்கோணும்?"

"எங்கட ஆக்கள் எல்லாரும் ஒண்டாத் துடக்குக் காத்தது மறந்துபோச்சோ?"

"அது ஒருக்கா நடந்தது."

"ஏன், நான் சாகமாட்டன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

உன் மனைவி சிரித்தா. நீ போன பிறகு அவா சிரித்து நான் கண்டதில்லை. சிரித்தபடியே கையை உயர்த்தினா. நானும் உயர்த்தினேன். மூவரில் இருவர், தீர்மானம் நிறைவேறியது. கௌதமன் எழுந்து போய், வாசலில் நின்ற கலைச்செல்விக்குக் கதிரையொன்று கொண்டுவந்து போட்டான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், ஆனால் போட்டான்.

நீ இருந்திருந்தால் எந்தப் பக்கம் கை உயர்த்தியிருப்பாய்? உறவின் பக்கமா, ஆலையின் பக்கமா? கேட்டிருந்தாலும் மழுப்பியிருப்பாய்.

வயதின் ஒழுங்குப்படி இனி என் முறை. அது எந்தத் திருவிழாவுக்கு நடுவில் வந்தாலும் வரட்டும். என்னைச் சுடலைக்குக் கொண்டுபோகிற அன்று உன் கொட்டிலில் மா வறுபடும். கோயிலுக்குப் போகிற மா நேரத்துக்குப் போய்ச் சேரும். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உனக்கு முன் பிறந்தும், முறை தவறிப் பின்னே நிற்கும்
உன் மூத்த அக்கா