ராஜாத்தி வீட்டு ஜெபம்

அக்டோபர் 5, சனி

இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் அன்பின் ஊழியம். பேனர் பதினாறடி, தக்காளி சாதப் பொட்டலம் உள்ளங்கை அகலம். வீடில்லாதவர்களுக்கு எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் சனிக்கிழமை தவறாமல் சோறு கொடுக்கிறது. போட்டோவும் தவறாமல் எடுக்கிறது. தலைவி ஜெபஷீலா அக்கா ஒரு பெரியவரை ஒரே பொட்டலத்தை மூன்று தரம் வாங்க வைத்தார். முதல் தரம் அவர் சிரிக்கவில்லையாம். பசியோடு நிற்கிற மனுஷன் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய திமிர்! நான் செயலாளர். பேனரின் இடது ஓரத்தைப் பிடிப்பது என் ஊழியம்.

வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் கம்பிக் கதவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பஜாரில் எங்கள் பெயிண்ட் கடை. கடைப் படியில்தான் ராஜாத்தி ராத்திரி படுக்கிறாள். அறுபது வயதிருக்கும், பகலில் பூண்டு மண்டியில் தோல் உரிக்கிறாள். காலையில் ஷட்டரைத் தூக்கினால், அவள் சேலையில் ஒட்டி வந்து உதிர்ந்த பூண்டுத் தோல் கடைக்குள் பறக்கிறதாம். அதனால் தீபாவளிக்குள் படியை அடைத்துக் கம்பிக் கதவு. மழைக்காலம் வருகிறது, அவள் எங்கே போவாள் என்று கேட்டேன். "அதுக்குத்தான் உங்க சங்கம் இருக்குல்ல" என்றார்.

எரிச்சலாக வந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆராதனை முடிவில் போதகர், வீட்டு ஜெபம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார். கடைசி வரிசையில் ராஜாத்தி கை தூக்கினாள். "ஆறு மாசமா வாரேன். எல்லார் வீட்டுக்கும் போறீக. என் இடத்துக்கும் ஒருநா வாங்க."

கோயிலில் அப்படி ஓர் அமைதியை நான் பிரசங்க நேரத்தில்கூடப் பார்த்ததில்லை.

அக்டோபர் 9, புதன்

சங்கத்தில் அவசரக் கூட்டம். ஏழைகளுக்காக இவ்வளவு வேகமாக நாங்கள் கூடியது இதுதான் முதல் தடவை. தெருவில் பாய் எப்படி விரிப்பது, ஸ்கூட்டியை எங்கே நிறுத்துவது, ஜெபம் முடிந்தால் டீ யார் தருவது — ஒவ்வொன்றும் ஆழமான ஆவிக்குரிய கேள்வி. கடைசியில் ஜெபஷீலா அக்கா வழி கண்டுபிடித்தார்: ராஜாத்தி பெயரில் ஜெபம், ஆனால் என் வீட்டு ஹாலில். ஏசி இருக்கிறதாம்.

இதை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியது யார்? செயலாளர்தான். வேறு யார்!

அக்டோபர் 10, வியாழன்

மண்டியில் போய்ச் சொன்னேன். கையிலிருந்த பூண்டைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டாள். "உங்க வீட்ல நடத்துனா அது உங்க வீட்டு ஜெபம்லம்மா. எனக்காக ஜெபம் பண்ணச் சொல்லல. என் வீட்ல பண்ணுங்கன்னுதான் சொல்லுறேன்."

நான் என்ன பதில் சொன்னேன்? சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஒரு கிலோ பூண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிலோ கிடக்கிறது.

அக்டோபர் 12, சனி

வெல்டர் படியை அளந்துவிட்டுப் போனார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தது ராஜாத்தியாம்.

அக்டோபர் 14, திங்கள்

சபையில் ஒருத்தர் ஜெபம் கேட்டால் மறுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று போதகர் சொல்லிவிட்டார். கடைக்கு லீவு நாள்தானே, வரும் ஞாயிறு சாயங்காலம் படியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரருக்கும் போன் போட்டார். இவர் உடனே சம்மதம். கதவைப் பற்றி மூச்சு விடவில்லை. தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் கடை வாசலில் ஜெபம், அதுவும் ஓசியில்!

அக்டோபர் 20, ஞாயிறு

போய் வந்தோம். பதினோரு பேர். ஜெபஷீலா அக்காவுக்குத் தலைவலியாம், வரவில்லை.

படியைக் கழுவி, கோணிப்பை விரித்து வைத்திருந்தாள். "வாங்க, வாங்க" என்று ஒவ்வொருத்தரையும் வாசலுக்கு வந்து — ரோட்டுக்கு வந்து — கூப்பிட்டாள். இவரையும்தான். சொந்தக் கடைப் படியில் விருந்தாளியாக உட்கார இவர் நெளிந்த நெளிசலைப் பார்க்கணுமே. பாட்டின் நடுவில் கம்பம் போகிற பஸ் ஹாரன் அடித்தது. யாரும் நிறுத்தவில்லை.

வழக்கம்போல போதகர், வீட்டுக்காரர்களின் ஜெபக்குறிப்பு என்ன என்று கேட்டார். வீடு வேண்டும் என்பாள் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"இங்கன கம்பிக் கதவு போடப் போறாக. கதவுக்கு நான் எந்தப் பக்கம்னு ஆண்டவர்தான் சொல்லணும்."

போதகருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். கண்ணை மூடி அதை அப்படியே வார்த்தை பிசகாமல் ஏறெடுத்தார். நான் கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தேன். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். இவரும் சொன்னார். சபை மூப்பர் இல்லையா, வாய் பழகிப்போனது. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொட்டாவி விடுகிற மாதிரி சமாளித்தேன். பிறகு அவள் டீக்கடையிலிருந்து வாங்கி வைத்த டீயும் மிக்சரும். இவர் மிக்சரைத் தொடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரே கேள்வி: "நீதான் சொல்லிக் குடுத்தியா?"

இல்லை. எனக்கு அவ்வளவு புத்தி ஏது!

அக்டோபர் 22, செவ்வாய்

இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. வெல்டருடன் மட்டும் போனில் குசுகுசு.

அக்டோபர் 29, செவ்வாய்

கதவு வந்து மாட்டியாயிற்று. படியை முழுக்க அடைத்துத்தான். பச்சை பெயிண்ட், நம்ம கடைச் சரக்கு. நான் பார்க்கப் போகவே கூடாது என்றிருந்தேன், கால் கேட்கவில்லை.

ராஜாத்தி கதவுக்கு உள்ளே உட்கார்ந்து, உள்பக்கமாகப் பூட்டைப் போட்டுத் திறந்து பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு சாவியில் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டாராம் இவர். கேட்டால், வாட்ச்மேன் சம்பளம் மிச்சம் என்கிறார். காலையில் பூண்டுத் தோலை அவளே கூட்டிவிட வேண்டுமாம், கண்டிஷன். ஒரு நல்ல காரியத்தை லாபக் கணக்கு சொல்லாமல் செய்தால் இவர் மானம் போய்விடும்.

ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சுட்டேன். சாப்பிட்டார்.

நவம்பர் 2, சனி

சங்கம் மறுபடியும் கூடியது. ராஜாத்திக்குக் கதவு, பூட்டு, சாவி எல்லாம் வந்துவிட்டதால் இனி அவளை வீடில்லாதவர் என்று சொல்ல முடியாதாம், பொட்டலம் கிடையாது. ஜெபஷீலா அக்கா பொட்டலம் கட்டுகிற இடத்திலேயே, வாங்க வந்து நின்ற அவள் முகத்துக்கு நேரே, மிகுந்த அன்போடு சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேனரை மடித்துக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தேன்.

அதற்குள் ராஜாத்தி, "சரித்தான்க்கா. வீடு இருக்கவுகல்லாம் இங்கன உக்காந்து பொட்டலம்தான கட்டுறீக" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இலையை எடுத்தாள்.