வெயிலில் காயப்போட்ட உரம்

மதினி,

இன்று காலை மாட்டுக் கொட்டகைக்குள் மூடி வைத்திருந்த ஈரச் சாக்கைத் தூக்கினேன். மக்கிய சாணமும் நனைந்த மண்ணுமாக ஒரு வாடை முகத்தில் அடித்தது. உங்கள் மேல் எப்போதும் அடிக்கிற வாடை. கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போதுகூட, "ஒரு சென்ட்டாவது அடிச்சுக்கிட்டு வாங்க மதினி" என்று நான் கெஞ்ச வேண்டியிருக்கும். "வெடிமருந்து வாடைக்கு இது எம்புட்டோ தேவல, தாயி" என்பீர்கள்.

பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து ரூம் தீப்பிடித்த அன்றோடு நீங்கள் வேலையை விட்டீர்கள். இனி கத்தரிக்காய் விற்றுத்தான் கஞ்சி என்று ஆமத்தூர்த் தோட்டத்தில் இறங்கினீர்கள். நான் கம்பெனியிலேயே இருந்தேன். லீவு நாளில் மட்டும் உங்களோடு வருவேன். கத்தரியோ, தண்ணீர் பாய்ச்சியும் உச்சி வெயிலில் துவண்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீக்கம்.

வேளாண்மை அலுவலகத்து அம்மா வந்து பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் புகுந்து சத்தை உறிஞ்சுகிறதாம். அதை அடக்குகிற நல்ல பாக்டீரியாவும் மண்ணிலேயே உண்டு என்று சூடோமோனாஸ் பொடியைக் கொடுத்தார். மக்கிய சாணத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் மூடி வைத்தால் அது பெருகும். பிறகு வேரடியில் போட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஈரப் பொடி என்றாலே பட்டாசு வேலை பார்த்தவர்களுக்குப் பயம். ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறி வெடிக்கும் என்று எத்தனை வருஷம் கேட்டிருக்கிறோம்! கைப் பழக்கத்தில் அவ்வளவு உரத்தையும் மொட்டை வெயிலில் பரப்பி, வெடியைக் காயவைப்பது போலப் பதமாகக் காயப்போட்டுவிட்டீர்கள். அதை அள்ளிச் செடிக்குப் போட்டோம். புழு அடங்கவில்லை; பாத்தி பாத்தியாகச் செடி செத்தது.

அலுவலகத்து அம்மா மறுபடி வந்து, "எப்படிம்மா கலந்தீங்க?" என்று கேட்டார். அண்ணன் பக்கத்தில் கைகட்டி நின்றார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உங்களைத் திரும்பவும் கம்பெனிக்கு அனுப்ப அவருக்கு ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது. "பொடி சரியில்லன்னு சொல்லிருங்க மதினி" என்று உங்கள் காதில் ஓதினேன்.

"பொடி மேல ஏன் பழியப் போட?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள். "உசுருள்ளதுன்னு சொன்னாக. நான்தான் வெயில்ல போட்டுக் கொன்னேன்." பிறகு அண்ணனைப் பார்த்து, "பொடி கெட்டதுன்னா விட்டுறலாம். கெட்டது என் கைப்பழக்கம்தானே? அத மாத்திக்கிடுதேன். இன்னும் ஒரு நடவு விடுங்க."

"சரி, ஒரு நடவுதான்" என்றார் அண்ணன். நான் ஓதிய பொய்யைச் சொல்லியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

அடுத்த நடவுக்குப் பழைய வேரையெல்லாம் தோண்டிக் கொளுத்தினீர்கள். கொட்டகை நிழலில் உரத்தை மூடி, காயக் காயத் தண்ணீர் தெளித்தீர்கள். புழு அடியோடு ஒழிந்தது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். வேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சு இருக்கத்தான் செய்தது. ஆனால் செடி வெயிலில் நிமிர்ந்து நின்றது. அண்ணன் காய் மூட்டையைச் சந்தைக்கு ஏற்றினார். குத்தகைப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

அப்புறம் அக்கம்பக்கத்துப் பெண்கள் செய்முறை கேட்டு வர ஆரம்பித்தார்கள். யார் வந்தாலும், "நான் மொதத் தடவ வெயில்ல போட்டுக் கெடுத்தேன். நீங்க அத மட்டும் செஞ்சிராதீக" என்றுதான் தொடங்குவீர்கள். எனக்கு மானம் போகும். "இத ஏன் மதினி ஊரெல்லாம் தமுக்கடிக்கிறீக?" என்று ஒருநாள் சண்டைக்கே வந்தேன். "நான் கெடுத்தது என்னோட போகட்டும் தாயி, அவுக செடியாவது பொழைக்கட்டும்" என்றீர்கள்.

மாசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. துக்கம் கேட்க வந்த ஃபோர்மேன், "ஆர்டர் குவிஞ்சு கெடக்கு, சீக்கிரம் வந்துரு. இனி தோட்டத்த யாரு பாக்கப் போறா?" என்றார்.

"நான் பாத்துக்கிடுவேன்" என்றேன். அதன்பின் கம்பெனிப் பக்கம் போகவில்லை.

நேற்று மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளும் பட்டாசு வேலை பார்த்தவள். "எங்க மதினி மொதத் தடவ எல்லாத்தையும் வெயில்ல காயப்போட்டுட்டாக" என்று ஆரம்பித்தேன். "நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்க்கா" என்று சிரித்தாள்.

எனக்கு மானம் போகவில்லை, மதினி. நீங்கள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்ததை ஊருக்குச் சொல்வதுபோல் பெருமையாக இருந்தது.