பிஸ்கட்டின் வயிற்றில் ஒரு காந்தம்

செப்டம்பர் 14, ஞாயிறு

மகள் டெஸ்ஸா போன் செய்தாள். நாலு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் மழையைப் பற்றி. பள்ளியில் விசைகள் பாடமாம். "இருக்கிற விசையிலேயே ரொம்ப நோஞ்சான் எதுன்னு சொல்லுப்பா?" யோசித்து, "உங்கப்பன்" என்றேன். சிரிக்கவில்லை. புவியீர்ப்பாம்.

விடுமுறைக்கு வரவில்லையாம். அவள் அம்மாவோடு வெலிங்டன் நகரத்துக்குப் போய் இரண்டு வருடம். தோழிகள் எல்லாம் அங்கேதான். சரி என்றேன். வேறென்ன சொல்வது? இரண்டு உருளைக்கிழங்கு வேகவைத்து ஒன்றைத் தின்றேன்.

16, செவ்வாய்

பிஸ்கட் தீனியைத் தொடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது. நூற்றிருபது மாட்டில் இதற்குத்தானா வர வேண்டும்? டெஸ்ஸா எட்டு வயதில் பள்ளிக் கன்றுக்குட்டிப் போட்டிக்காக வளர்த்தது. மூன்றாம் பரிசு. அந்த ரிப்பன் இன்னும் கறவைக் கொட்டகையில் தொங்குகிறது.

17, புதன்

மாட்டு டாக்டர் மெரியானா வந்தார். நெஞ்சோரம் முஷ்டியால் அழுத்தினார், பிஸ்கட் முனகியது. "கம்பி முழுங்கியிருக்கு. வேலி கட்டினீங்களா, மாட்டுக்கு விருந்து வெச்சீங்களா?"

நான்தான். நறுக்கிய துண்டுகளைப் புல்லிலேயே விட்டது நான்தான்.

கனமானது எதுவானாலும் வயிற்றின் முன்பள்ளத்தில் போய் விழுமாம். அதை அடுத்து இதயம். விரல் அளவு காந்தம் ஒன்றைத் தொண்டைக்குள் இறக்கினார். அதுவும் அங்கேயே விழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பி பின்னால் சரியட்டும் என்று முன்னங்கால்களைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தினோம். "பூமி ஒரு பக்கம் இழுக்கட்டும், காந்தம் ஒரு பக்கம் இழுக்கட்டும். நீங்க எதையும் இழுக்காம இருங்க, கிரஹாம்."

டெஸ்ஸாவிடம் சொன்னேன். அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். "ஃபிரிட்ஜ் மேல இருக்கிற காந்தம் ஒரு ஆணியைத் தூக்கும்ல? மொத்த பூமியும் அந்த ஆணியைக் கீழ இழுக்குது. அப்பவும் காந்தம்தான் ஜெயிக்குது. கம்பியை விடாதுப்பா."

"அப்ப பூமி வேஸ்ட்டா?"

"இல்லப்பா. காந்தம் கொஞ்சம் தள்ளிப் போனாலே பிடி போயிடும். பூமியோட இழுப்பு நிலா வரைக்கும் போகும்."

வெலிங்டன் நிலாவைவிடப் பக்கம்தான்.

"சனிக்கிழமை பஸ் ஏறி வரவா? பிஸ்கட்டைப் பாக்கணும்" என்றாள். மாடு எப்படியிருக்கிறதென்று பார்த்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

18, வியாழன்

பிஸ்கட் தின்கிறது! துள்ளிக் குதிக்காத குறை. அடுத்த நிமிடமே — இதை அவளிடம் இன்றே சொல்ல வேண்டுமா? சனிக்கிழமை வரை நோயாளியாகவே வைத்திருந்தால் என்ன? சீ, என்ன மனுஷன்டா நீ.

மதியம் வரை போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "தின்னுதும்மா. பயமில்ல. அவசரமா வர வேணாம்."

"ஓ. சரிப்பா."

அவ்வளவுதான்.

19, வெள்ளி

மெரியானா திசைகாட்டியைப் பிஸ்கட்டின் நெஞ்சோரம் பிடித்தார். முள் வடக்கை விட்டு மாட்டின் பக்கம் திரும்பியது. காந்தம் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. போட்டோ எடுத்து டெஸ்ஸாவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

21, ஞாயிறு

போன் வரவில்லை.

25, வியாழன்

வேலியோரம் தவழ்ந்து தவழ்ந்து கம்பி பொறுக்கினேன். ஒரு வாளி நிறைந்தது. பிஸ்கட் வேடிக்கை பார்த்தது.

மாலையில் செய்தி: "போட்டோவை என் தோழிங்க ஒருத்தியும் நம்பலப்பா. மத்த மாட்டுகிட்ட முள் திரும்பலன்னு நானே வந்து பாத்துக் காட்டணும். மொத்தம் எத்தனை மாடு?"

நூற்றிருபது என்று அனுப்பினேன். விரல் தடுமாறி முதலில் ஆயிரத்திருநூறு என்று போயிற்று.

27, சனி

டெஸ்ஸாவின் பஸ் நாலு மணிக்கு ஹாவெரா ஊருக்கு வருகிறது. கறவையை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டேன். மாடுகள் முணுமுணுத்தன. காரணம் சொல்லவில்லை.