துரைக்கு வரும் பெட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், உன் பூனை துரையும் ஏறக்குறைய நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன், நீ சொல்லித் தெரிந்துகொள்ளக் காத்திருந்தால் இந்தத் தாள் மஞ்சளாகிவிடும். போன் இருக்கும்போது இது என்ன புதுசா கடிதம் என்று நீ முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசினால் அப்பா காதை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நீயும் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய். நான் சொல்லப்போவது அதற்குள் அடங்காது, அப்பா காதில் விழவும் கூடாது. அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறார், நான் தையல் மெஷின் பலகைமேல் தாளை வைத்து எழுதுகிறேன்.

துரைக்குச் சுகர் வந்துவிட்டது என்று சொன்னபோது ஐயோ பாவம், டாக்டர் சொல்ற மாதிரி செய்யுங்க என்று ஒரு வரி அனுப்பினாய். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இங்கே என்ன பாடு என்று கொஞ்சம் கேட்டுக்கொள். பால் கூடாது, சோறு ரொட்டி கூடாது, மாவு சேர்ந்த காய்ந்த தீனி அறவே கூடாது, வெறும் கறிதான், காலையும் மாலையும் சாப்பிட்டதும் ஊசி என்றார் பூனை டாக்டரம்மா. சாப்பாட்டுலயே சர்க்கரை அடங்கிடுச்சுன்னா ஊசியையே நிறுத்திடலாம்மா, சில பூனைங்களுக்கு நின்னிருக்கு என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓடுகிறேன். ஆனால் துரை லேசுப்பட்ட ஆளா. கோழி நெஞ்சுக்கறி வைத்தால் மோந்து பார்த்துவிட்டு, அசிங்கத்தை மண் போட்டு மூடுவதுபோல் தரையைப் பிராண்டிவிட்டுப் போய்விடும். தொடைக்கறி என்றால் சம்மதம், ஆனால் சுடவும் கூடாது ஆறவும் கூடாது, என் புறங்கையில் வைத்துப் பதம் பார்க்கவேண்டும். கிண்ணத்தில் வைத்தால் மீசை இடிக்கிறதாம், தட்டையான தட்டு வேண்டும். நேற்று நக்கி நக்கிச் சாப்பிட்ட மீனை இன்று கண்ணெடுத்தும் பார்க்காது. நான் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது, எழுந்து போனாலும் சாப்பிடாது, பக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்காரவேண்டும். சாப்பிடாமல் ஊசி போட முடியாதே, அதன் காலில் விழாத குறைதான். திரைச்சீலை தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்பார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் சுகர் உண்டு என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. சுகர் பார்க்க இரண்டு பேருக்கும் ஒரே மெஷின்தான், அதற்குக் காதில் குத்துகிறேன், எனக்கு விரலில் குத்திக்கொள்கிறேன். போனில் துரைக்கு எவ்வளவு இருக்கு என்று கேட்டாய், எனக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மாதாமாதம் நீ அனுப்பும் பெட்டியில் இருப்பதும் அந்தக் காய்ந்த தீனிதான். இனி வேண்டாம் என்று உன்னிடம் சொல்லிவிடலாம் என்றேன். அப்பாதான் தடுத்தார். ஆசையா அனுப்புறா, கூடாதுன்னு சொன்னா புள்ள மனசு உடைஞ்சிடும், வந்தா வந்துட்டுப் போகட்டும், அலமாரி மேல போட்டுடுவோம் என்றார். சரி என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். நான் பார்த்துப் பார்த்துக் கறி போடுகிறேன், துரைக்குச் சர்க்கரை இறங்குவேனா என்கிறது. டாக்டரம்மா ஊசியின் அளவைக் கொஞ்சம் ஏற்றினார், பிறகு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். எங்கே போய் எதைத் தின்றுவிட்டு வருகிறது என்று எனக்கு மண்டை காய்ந்தது. கீழ்வீட்டு டீச்சர்தான் பால் ஊற்றுகிறாள் என்று நினைத்து, படிக்கட்டில் நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். நான் ஏங்க ஊத்தப்போறேன் என்று அழுதுவிட்டாள். அன்றிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

அப்புறம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று சித்தப்பா வீட்டில் போய்த் தங்கினார். அதற்கு நீ கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பியிருந்தாய், சித்தப்பா எல்லோருக்கும் காட்டினாராம். அப்பா போன கொஞ்ச நாளிலேயே ஒரு காலை துரைக்குச் சாப்பாடு வைத்து ஊசியும் போட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். காலுக்கடியில் ஏதோ இடித்தது. குனிந்தால் துரை மெஷினுக்குக் கீழே பக்கவாட்டில் விழுந்து கிடக்கிறது, கால் நாலும் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் திறந்திருக்கிறது, என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. விரலில் தேனைத் தொட்டு அதன் ஈறில் தடவினேன், யாருடையதோ புதுத் திரைச்சீலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா எப்படியோ பிழைக்கவைத்துவிட்டார். சர்க்கரை அடியோடு இறங்கிப்போயிருந்ததாம். பிறகு என்னை உட்காரவைத்து, இந்த ஊசி அளவு இந்தச் சாப்பாட்டுக்கு ரொம்ப அதிகம்மா, இவ்வளவு நாளா யாரோ வேற தீனி போட்டிருக்காங்க, இப்ப நின்னுபோச்சு, அதான் இப்படி, இப்ப வீட்டுல யாரு இல்ல என்று கேட்டார். போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அங்கே வாசலில் நின்றே அப்பாவுக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு ஒத்துக்கொண்டார். நான் சாயங்காலம் தைத்த துணியைக் கொடுக்கப் போகும் நேரமாகப் பார்த்து, அலமாரி மேலிருந்து உன் பாக்கெட்டை எடுத்து, பால்கனியில் ஒரு பிடி போட்டு, துரை தின்பதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறார். நீயும் சளைக்காமல் சூப்பர்ப்பா, செல்லம்டா என்று சிவப்பு இதயமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறாய். ஒருமுறை போனே செய்தாயாமே. ஏன் இப்படிச் செய்தீர்கள், வாயில்லா ஜீவனைக் கொன்றிருப்பீர்களே என்று கத்தினேன். கால் வலிக்குதுன்னு போட்டேன், பதில் இல்ல. கண்ணுக்கு நாள் குறிச்சாச்சுன்னு போட்டேன், கட்டைவிரல் வந்துச்சு. துரை திங்கறதுக்குத்தானே அவ பேசுறா, நான் என்ன செய்ய என்றார். திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன், கண்ணுக்கு மருந்து விட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை மகளே, அதில் பாதிக்குமேல் உன்மேல்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

இப்போது நிலவரம் இதுதான். தீனி நின்றது, ஊசியைப் பாதிக்குமேல் குறைத்தாகிவிட்டது, கறியிலேயே சர்க்கரை மட்டுப்படுகிறது, இப்படியே போனால் ஊசிக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. நீ சந்தோஷப்படலாம். ஆனால் அப்பா வந்ததும் வராததுமாக, வேகவைத்த கறித் தட்டையும் துரையையும் சேர்த்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பினார். நீ பதில் போடவில்லை. மறுநாள் வெளிச்சம் சரியில்லை என்று ஜன்னலோரம் வைத்து எடுத்து அனுப்பினார். அதற்கும் இல்லை. வேலையாக இருந்திருப்பாய், எனக்குத் தெரியும், நீ எப்போதும் வேலையாகத்தானே இருக்கிறாய். அவர் என்னடா என்றால், நாம அவ அனுப்பினத ஒதுக்கிட்டோம்னு கோச்சுக்கிட்டா போல என்கிறார். குனியாதே, எட்டி எடுக்காதே என்று கண் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நேற்று நான் குளித்துவிட்டு வருகிறேன், ஸ்டூலில் ஏறி அலமாரி மேல் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார். துரையைச் சாகடிக்கப் போறீங்களா என்றேன். ஒரு புடிதானே, ஒரே ஒரு படம் எடுத்துட்டு நிறுத்திடறேன் என்கிறார் மனுஷன். இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டேன். ஆனால் அடுத்த பெட்டி வந்தால் நான் என்ன செய்வேன்? அவரை எத்தனை நாள் காவல் காப்பேன்?

கடைசியாக வந்த பெட்டியை நான்தான் வாங்கினேன். திருப்பி எடுத்துப் போகமுடியுமா என்று கொண்டுவந்தவரிடம் கேட்டேன். அது தானா வர்றதும்மா, கடையில ஒரு தடவை சொல்லிவச்சா போதும், நிறுத்தச் சொல்ற வரைக்கும் மாசாமாசம் வந்துகிட்டே இருக்கும், அனுப்புறவங்களுக்கே மறந்துபோயிருக்கும் என்றார். அப்படியா என்று உன்னை நான் கேட்கவில்லை. நீ கடைக்குப் போய்ப் பார்த்து எடுத்து, உன் கையால் கட்டி அனுப்புகிறாய் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். பாரு, எவ்வளவு அழுத்தி ஒட்டியிருக்கா, சின்னதுலயும் இப்படித்தான் என்று அந்த டேப்பைத் தடவித் தடவிப் பார்ப்பார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, தெரிந்தது என்னோடு போகட்டும். நீ செய்யவேண்டியது இதுதான், கடையில் சொல்லி அந்தப் பெட்டியை நிறுத்து. நிறுத்துவதற்கு முன்னால் அப்பாவுக்கு நீயாகவே போன் செய். இனிமே நான் தீனி அனுப்பலப்பா, கறியே போடுங்க என்று உன் வாயால் சொல்லு, நான் சொன்னால் அவருக்கு ஏறாது. நீ சொன்னால்தான் துரை உயிரோடு இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. என் வயிற்றில் பிறந்தவள், சுகர் உன்னையும் விடாது, ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள். என் கோபத்தை இங்கேயே வைத்துக்கொள்கிறேன், நீ எடுத்த காரியமெல்லாம் கூடிவரட்டும், நூறு வயது நன்றாக இரு. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே, அப்பாவுக்குப் போன் செய்யும்போது துரை எப்படியிருக்கு என்று ஆரம்பிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா