வழிகாட்டு மையத்தின் மின்னஞ்சல் பெட்டியைத் திறக்க, கருத்தரங்கக் கூடத்தின் சாவி வேண்டி

அனுப்புநர்:
இறுதியாண்டு மாணவி,
இளநிலைப் புள்ளியியல் துறை,
மகளிர் விடுதி, முதல் மாடி.

பெறுநர்:
கல்லூரி முதல்வர் அவர்கள்,
முதல்வர் அலுவலகம்.

பொருள்: உயர்கல்வி வழிகாட்டு மையத்துக்கு வந்த நேர்காணல் அழைப்புகள் மாணவர்களுக்குத் தெரிவிக்கப்படாமை, பிறருக்கு வந்துள்ள அழைப்புகளை இன்றே எடுத்துக் கொடுக்கவும், எனக்கு உண்மைக் காரணத்துடன் கடிதம் வழங்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். வகுப்பில் எனக்கு 'வக்கீல்' என்று பட்டப்பெயர் உண்டு. எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவள் என்று தங்களிடம் யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கக்கூடும். அது பொய்யில்லை. ஆனாலும் இந்த மனுவை வாய்த்துடுக்கு என்று ஒதுக்கிவிடாமல் கடைசி வரி வரைக்கும் படிக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நேரம் குறைவாக இருக்கிறது.

1. நமது கல்லூரியில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கக்கூடாது, வழிகாட்டு மையத்தின் பொது முகவரியைத்தான் கொடுக்க வேண்டும் என்று விதி இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். மீறினால் பரிந்துரைக் கடிதம் கிடைக்காது. இந்த விதி எப்படி வந்தது என்பதை மைய ஒருங்கிணைப்பாளர் ஐயா எங்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். எங்களுக்கு முன் படித்த அண்ணன் ஒருவர் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததை யாரிடமும் மூச்சு விடாமல் போய்ச் சேர்ந்துவிட்டாராம். வாசல் பேனரில் அவர் படத்தைப் போட முடியாமல் போனதாம். அன்றிலிருந்து யாருக்கு எங்கே இடம் கிடைத்தாலும் கல்லூரிக்கு முதலில் தெரிய வேண்டும் என்று இந்த ஏற்பாடு. பேனருக்காக வந்த விதி என்று தெரிந்தும் நாங்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. எங்களுக்கு வேண்டியது பரிந்துரைக் கடிதம்.

2. ஒருங்கிணைப்பாளர் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். இல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள். மேற்படிப்பை ஏன் படிக்க விரும்புகிறேன் என்று நான் எழுதிய கட்டுரையை அவர் திரும்பத் திரும்பத் திருத்தினார். 'சிறு வயது முதலே கணக்கு என்றால் உயிர்' என்று தொடங்கியிருந்தேன். எல்லாரும் இப்படித்தான் உயிரை விடுகிறார்கள் என்று அடித்துவிட்டு, நான் அரசு மருத்துவமனையின் காத்திருப்பு வரிசையை வைத்துச் செய்த ஆய்வை முதல் பத்தியில் கொண்டுவரச் சொன்னார். மாதிரி நேர்காணலில் என்னைக் கேள்வி கேட்டே அழவைத்தார். தெரியாததைத் தெரியாது என்று நிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அத்தனையும் தன் வகுப்புகளை எடுத்து முடித்த பிறகு, உதவிக்கு ஓர் ஆள் இல்லாமல் செய்தார். எனவே அவரைத் தண்டிக்கக் கேட்டு நான் இதை எழுதவில்லை.

3. விண்ணப்பித்த பிறகு நான் அழைப்புக்காகக் காத்திருந்தேன். மைய வாசலுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. போகும்போதெல்லாம், "வந்தா சொல்லமாட்டேனா?" என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லுவார். சொல்லியிருப்பார்தான். ஆனால் மையத்தில் இருந்த ஒரே கணினி, கல்லூரியின் தரத்தைப் பார்க்க வரும் மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டுவதற்காகத் தங்கள் உத்தரவின்படி கருத்தரங்கக் கூடத்துக்குப் போய்விட்டது. மின்னஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் அந்தக் கணினியில்தான் பதிந்திருக்கிறது. அதை அமைத்துக் கொடுத்த ஆய்வக உதவியாளர் வேலையை விட்டுப் போய்விட்டதால் வேறு எந்தக் கணினியிலும் பெட்டியைத் திறக்க ஒருவருக்கும் தெரியாது. ஒருங்கிணைப்பாளரும் குழுவுக்கான படக்காட்சிகளைத் தயாரிக்கும் வேலையில் மாட்டிக்கொண்டார். அவர் பெட்டியைத் திறந்தே பல நாட்கள் ஆகியிருந்தன.

4. சென்ற வெள்ளிக்கிழமை நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் தன் இணையப் பக்கத்தில் முடிவுகளை வெளியிட்டது. என் விண்ணப்ப எண்ணுக்கு எதிரே 'நேர்காணலுக்கு வரவில்லை' என்று இருந்தது. வராதவளுக்கு அழைப்பு எப்போது வந்தது? உடனே அங்கே தொலைபேசியில் பேசினேன். இணையவழி நேர்காணலுக்கான நாளும் நேரமும் முறையாக அனுப்பப்பட்டன என்றும், கிடைத்ததாக எங்கள் தரப்பிலிருந்து பதிலும் வந்தது என்றும் சேர்க்கைப் பிரிவு அம்மா சொன்னார். அந்தப் பதிலை எந்த மனிதரும் எழுதவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பெட்டிக்கு எது வந்தாலும் 'தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய மாணவருக்குத் தெரிவிக்கப்படும்' என்று தானாகவே ஒரு வரி போய்விடும்படி அமைத்திருக்கிறார்கள். யாரும் படிக்காத கடிதத்துக்கு ஒருங்கிணைப்பாளர் பெயரில் மரியாதையாகப் பதில் போயிருக்கிறது.

5. நான் விடாமல் கெஞ்சியதில் அந்த அம்மா தன் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு, கல்லூரி முதல்வரே காரணத்தை விளக்கிக் கடிதம் அனுப்பினால் மறுநேர்காணல் தருவதாகச் சொன்னார். அந்தக் கடிதம் இந்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அதன் பிறகு என் இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்தவருக்குப் போய்விடும்.

6. திங்கட்கிழமை காலை ஒருங்கிணைப்பாளரை அழைத்துக்கொண்டு கருத்தரங்கக் கூடத்துக்குப் போனேன். நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பெட்டியைத் திறந்தார். திரை முழுவதும் படிக்கப்படாத கடிதங்கள். என் அழைப்பு நடுவில் எங்கோ கிடந்தது. அதற்கு மேலே, அதாவது எனக்குப் பிறகு வந்ததாக, இன்னொரு அழைப்பு இருந்தது. அதில் என் அறைத்தோழியின் பெயரையும் 'நேர்காணல் அழைப்பு' என்ற சொற்களையும் என் கண்ணால் பார்த்தேன். வேறு மாணவர்களின் பெயர்களும் இருந்தன. தோழியின் கடிதத்தைத் திறந்து நேர்காணல் நாளைப் பார்க்கும்படி நான் சொல்லி வாய் மூடவில்லை, கூடத்தைப் பூட்ட வந்த பணியாளர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். குழு வரும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்பது முதல்வர் அம்மாவின் கண்டிப்பான உத்தரவு என்றார். சாவி தங்கள் அலுவலகத்துக்குப் போய்விட்டது. குழு வருவது அடுத்த திங்கட்கிழமை.

7. தங்களிடம் சாவி கேட்கும்படி ஒருங்கிணைப்பாளரை வேண்டினேன். அவர் மென்று விழுங்கினார். கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். சொன்னால், குழுவுக்குப் பெருமையாகக் காட்டவிருக்கும் மையத்தின் பெட்டி இத்தனை நாள் திறக்கப்படவில்லை என்பது வெளியே வந்துவிடும். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. நேற்று அவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்குக் காய்ச்சல், அதனால கலந்துக்க முடியலன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. முதல்வர் அம்மாகிட்ட நானே கையெழுத்து வாங்கி அனுப்பிடறேன். உனக்கு சீட்டு, எனக்கு நிம்மதி."

அதற்கு நான் உடனே மாட்டேன் என்று சொல்லிவிடவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். வரும் வழியெல்லாம் அந்த ஒரு வரியை மனத்துக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

8. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் அம்மா மருந்துக்கடையில் பில் போடும் வேலை செய்கிறார். பகல் முழுக்க நின்றபடியே பார்க்கும் வேலை. என் மேற்படிப்பைப் பற்றிக் கடையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு வரிதானே, எழுதித் தொலையேன், யார் குடி கெட்டுவிடப் போகிறது என்றுதான் முதலில் திட்டினார். தோழியின் அழைப்பும் அதே பெட்டியில் கிடக்கிறது என்று சொன்னதும் அவளுக்கு எப்போது நேர்காணல் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்படியானால் நான் என்ன சொல்லட்டும், நீயே பார்த்துக்கொள் என்று போனை வைத்துவிட்டார்.

9. நான் காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்தால் என் விஷயம் முடிந்துவிடும். கூடவே, பெட்டியில் எந்தக் குறையும் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டதாகவும் ஆகிவிடும். கூடத்தை அவசரமாகத் திறக்க அப்புறம் யாருக்கும் காரணம் இருக்காது. அடுத்த திங்கட்கிழமை திறக்கும்போது, மற்றவர்களின் பெயர்களுக்கு எதிரேயும் 'வரவில்லை' என்று விழுந்திருக்கும். அவர்கள் எல்லாருக்குமே காய்ச்சலா? கோபத்தில் இப்படிக் கேட்டுவிட்டதற்கு மன்னிக்க வேண்டும்.

10. தோழி சும்மா இருக்கவில்லை. தான் விண்ணப்பித்திருந்த வேறு பல்கலைக்கழகத்துக்குத் தன் சொந்த முகவரியிலிருந்து எழுதினாள். பதிவு செய்த முகவரிக்கு மட்டுமே விவரம் தரப்படும் என்று பதில் வந்தது. தொலைபேசியிலும் அதே பதில். வேறு யாரோ பெயரைச் சொல்லிக் கேட்கக்கூடும் என்பதால் அவர்கள் அப்படிச் சொல்வது நியாயந்தான். ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு தடவை போனாள். பார்க்கிறேன் என்றார். அவள் என்னைப் போல வாதாடுகிறவள் இல்லை. நேற்றிரவு என்னிடம், "நீ எழுதிக் குடுத்துடு. நமக்குள்ள ஒருத்தியாவது போகட்டும்" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே, என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னாள். அதனால்தான் இந்த மனு.

எனவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ) கருத்தரங்கக் கூடத்தைத் தங்கள் முன்னிலையிலேயே இப்போது திறந்து, பெட்டியில் உள்ள ஒவ்வொரு கடிதத்தையும் அதற்குரிய மாணவரிடம் சேர்க்க வேண்டும். வெள்ளை உறைகள் அழுக்காகாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஆ) நான் நேர்காணலில் கலந்துகொள்ளாததற்கு உண்மையான காரணத்தைக் குறிப்பிட்டு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் பல்கலைக்கழகத்துக்குத் தங்கள் கையொப்பத்துடன் கடிதம் அனுப்ப வேண்டும். அதில் ஒருங்கிணைப்பாளரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இ) மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இனிமேல் சொந்த முகவரியையும் சேர்த்துக் கொடுக்க அனுமதிக்க வேண்டும். இடம் கிடைத்தால் பேனருக்குப் படத்தை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

குழு வருவதற்கு முந்திய இந்த வாரம் தங்களுக்கு எத்தனை வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கடிதத்தைத் தயாரிக்க விசாரணை, ஒப்புதல் என்று நாளாகலாம். வெள்ளிக்கிழமை தாண்டினாலும் தாண்டலாம். அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுத இந்தத் தாள் போதாது. எழுத உட்கார்ந்தால் அழுதுவிடுவேன். ஆனால் கடிதமா சாவியா, இன்றைக்கு ஒன்றுதான் முடியும் என்று தாங்கள் சொன்னால், நான் சாவியைக் கேட்கிறேன். என் நேர்காணல் முடிந்துபோனது. அவளுடையது முடிந்துவிட்டதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

இம்மனுவை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடவில்லை. தங்கள் அறை வாசலிலேயே நிற்கிறேன். தோழியும் பக்கத்தில் நிற்கிறாள். எந்த நாள், எந்த மணி என்று தெரியாததால் திங்கட்கிழமையிலிருந்து தினமும் இஸ்திரி போட்ட உடையில், சான்றிதழ்ப் பையுடனும் முழு சார்ஜ் போட்ட போனுடனும்தான் அவள் அறையை விட்டுக் கிளம்புகிறாள். கதவைத் திறந்தால் தாங்களே பார்க்கலாம்.

தங்கள் பதிலுக்கு வாசலில் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: முதல்வர் அறை வாசல்
நாள்: புதன்கிழமை, முதல் மணி அடிக்கும் முன்